கூடி இழுக்கும் கயிறு

அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்குத் தெற்கே, எலியட்ஸ் கடற்கரையின் வடகோடியில் இருக்கிறது ஊரூர் ஒல்காட் குப்பம். ஊரூர் என்பது பழைய கிராமத்தின் பெயர். ஒல்காட் என்பது 1882-ஆம் ஆண்டில் அடையாற்றில் வந்து ஊன்றிய பிரம்மஞான சபையின் தலைவர் கர்னல் ஒல்காட்டின் பெயர். தமிழ் மீனவர் ஊரும் அமெரிக்கக் கர்னலும் ஒரே பெயர்ப் பலகையில் கைகோத்து நிற்கும் விந்தையைச் சென்னையில்தான் காணலாம். வேறு வேறு இடத்திலிருந்து வந்தவை எப்படி ஒன்றுபடுகின்றன என்பதே இக்கட்டுரையின் விஷயம். ஆகையால், அந்தப் பெயரையே நல்ல சகுனமாகக் கொண்டு தொடங்குவோம்.

சோழமண்டலக் கரையில் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்த கரைவலைத் தொழிலை நேயர்களில் பலர் பார்த்திருப்பார்கள். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுப் படகு கடலுக்குள் போகும்; வலையை வளைவாக இறக்கிக்கொண்டே சென்று, மறு முனையைச் சற்றுத் தூரத்தில் கரைசேர்க்கும். அதன் பின் இரண்டு கட்சி. இந்தக் கயிற்றில் ஒரு வரிசை, அந்தக் கயிற்றில் ஒரு வரிசை. இரு வரிசையும் இழுத்துக்கொண்டே ஒன்றையொன்று நெருங்கி வரவேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலையின் வாய் கோணிவிடும். மடியில் விழ வேண்டிய மீன் கடலுக்கே போய்விடும். அங்கே பலம் மட்டும் போதாது. இருபது பேர் இருபது சமயத்தில் இழுத்தால் கயிறு அசையாது. இருபது பேரும் ஒரே கணத்தில் இழுத்தால்தான் வலை வரும். அதற்காகத்தான் ஏலப் பாட்டு. ஒருவர் குரல் கொடுக்க மற்றவர் ஏற்றுப் பாடும்போது மூச்சும் தோளும் காலும் ஒரே லயத்துக்கு வந்துவிடுகின்றன.

இன்று ஃபைபர் படகும் மோட்டாரும் வந்துவிட்டன. கரைவலை இழுப்பது முன்போல் இல்லை. ஆனால் அந்தக் கயிற்றில் அடங்கியிருக்கும் கேள்வியோ பழையதாகிவிடவில்லை. தனித்தனிப் போக்குடைய பலர் ஒரே லயத்துக்கு வருவது எப்படி? உலகத்துப் பௌதிக சாஸ்திரிகள் இந்தக் கேள்வியை மிகுந்த ஊக்கத்தோடு ஆராய்ந்து வருகிறார்கள். அதற்கு ‘ஒத்திசைவு’ என்று பெயர். இருவர் இருவராகப் பிணைந்திருப்பதைக் கொண்டே எல்லா ஒற்றுமையையும் விளக்கிவிடலாம் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். மூவர் சேர்ந்த இடத்தில் வேறொரு விதி நடக்கிறது என்று இப்போது தெரிய வந்திருக்கிறது. அந்த விதியைக் கூடியவரையில் எளிதாகச் சொல்லப் பார்ப்போம்.

படுக்கையிலிருந்து கண்ட அதிசயம்

கதை 1665-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. ஹாலந்து தேசத்துக் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தை உண்டாக்கியவர். உடல் நலமின்றிப் படுத்திருந்தபோது, ஒரே சட்டத்தில் தொங்கிய இரண்டு கடிகாரங்களை அவர் கவனித்தார். இரண்டின் ஊசல்களும் ஒன்று இடப்புறம் போனால் மற்றது வலப்புறம் என்று அணுவும் பிசகாமல் ஆடின. வேண்டுமென்றே அவற்றைக் கலைத்துவிட்டுப் பார்த்தார். அரை மணி நேரத்தில் மறுபடியும் பழைய ஒழுங்கு! கடிகாரங்களுக்குக் கண்ணில்லை, காதில்லை. ஆனால் இரண்டும் தொங்கிய சட்டம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அசைந்தது. அந்த அசைவு ஒன்றின் ஆட்டத்தை மற்றதற்குச் சொல்லிற்று. கரைவலைக் காட்சியில் கயிறு செய்கிற வேலையை அங்கே சட்டம் செய்தது.

இரண்டு கடிகாரம் சரி. இரண்டாயிரமானால் என்ன ஆகும்? இதற்குக் கணக்கு வழியில் வழிகாட்டியவர்கள், 1967-ல் எழுதிய அமெரிக்கர் ஆர்தர் வின்ஃப்ரீயும், 1975-ல் எழுதிய ஜப்பானியர் யோஷிகி குராமோட்டோவும். குராமோட்டோவின் கருத்தைப் புரிந்துகொள்ள மயிலாப்பூர்த் தெப்பக்குளத்துக்குப் போவோம்.

குளத்தைச் சுற்றிப் பலர் நடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கின் சௌகரியத்துக்காகக் குளத்தை வட்டமாகவே பாவித்துக்கொள்வோம், கபாலீசுவரர் மன்னிப்பாராக. ஒவ்வொருவருக்கும் இயற்கையான நடை வேறு. தாத்தா மெதுவாக நடப்பார், பேரன் ஓடுவான். சற்று நேரத்தில் எல்லோரும் குளத்தைச் சுற்றிச் சிதறிவிடுவார்கள். அப்போது கூட்டத்தின் நடுப்புள்ளி எங்கே என்று கணக்கிட்டால் அது ஏறக்குறைய நடுவிலுள்ள நீராழி மண்டபத்தில் வந்து நிற்கும். மாறாக, எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து நடந்தால் நடுப்புள்ளி அவர்களோடேயே கரையில் நடக்கும். மண்டபத்திலிருந்து நடுப்புள்ளி எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்பதே ஒற்றுமையின் அளவு. முழுச் சிதறல் என்றால் 0. முழு ஒற்றுமை என்றால் 1. இதை ‘ஒற்றுமை எண்’ என்று அழைப்போம்.

இனி, நடப்பவர்களுக்கு ஒரு சிறிய தாட்சண்யத்தைக் கொடுப்போம். ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரையும் பார்த்து, அவர் முன்னால் இருந்தால் கொஞ்சம் விரைவார். பின்னால் இருந்தால் கொஞ்சம் தயங்குவார். இந்தத் தாட்சண்யம் மிகக் குறைவாயிருந்தால் பயனில்லை. ஒற்றுமை எண் 0-ஐ விட்டு எழும்பாது. ஆனால் ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டியதும் ஒரு சிறு கூட்டம் தானாகத் திரளுகிறது. நடைகளின் வேறுபாடு எவ்வளவு அதிகமோ, இந்த எல்லையும் அவ்வளவு உயரம். குராமோட்டோ எடுத்துக்கொண்ட ஒரு வகைப் பங்கீட்டில், இணைப்பின் வலிமை எல்லையைக் காட்டிலும் பத்தில் ஒரு பங்கு மிகுந்தால் ஒற்றுமை எண் 0.3; இரு மடங்கானால் 0.7. அதாவது, எல்லையைத் தாண்டிய பிறகு ஒற்றுமை படிப்படியாக வளர்கிறது. இணைப்பைக் குறைத்தால் வந்த வழியே படிப்படியாக இறங்குகிறது. நியாயமான, நிதானமான உலகம்! இந்த நிதானத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அதற்கு ஆபத்து வரப்போகிறது.

இதயத்திலும் காட்டிலும் மின்கம்பியிலும்

இதெல்லாம் குளக்கரைப் பொழுதுபோக்கு என்று யாரும் எண்ண வேண்டாம். நம் ஒவ்வொருவர் மார்பிலும் இதயத் துடிப்பைத் தொடங்கி வைக்கும் அணுக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டிருக்கின்றன. தலைவர் என்று எந்த அணுவும் கிடையாது. எல்லாம் ஒன்றையொன்று அனுசரித்து ஒரே லயத்தில் துடிப்பதால்தான் இந்தப் பக்கத்தை நாம் படித்துக்கொண்டிருக்கிறோம். ஆனைமலைக் காடுகளில் மின்மினிகள் கோடிக் கணக்கில் கூடி ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணைவதை 2022-ஆம் ஆண்டில் வனத்துறையினர் ஆராய்ந்து பதிவு செய்தார்கள். அங்கும் தாளம் போட யாரும் இல்லை.

மின்சார விஷயம் இன்னும் நமக்கு நெருங்கியது. ஒரே வலைப்பின்னலில் மாறுமின்சாரம் கொடுக்கும் பெரிய ஜெனரேட்டர்கள் யாவும் ஒரே லயத்தில் சுழல வேண்டும். நம் தேசத்தில் அந்த லயம் விநாடிக்கு 50 முறை. ஒரு ஜெனரேட்டர் முந்தினால் கம்பியின் வழியே அதன் பாரம் கூடி அதைப் பின்னுக்கு இழுக்கும். பிந்தினால் மற்றவை அதை முன்னுக்குத் தள்ளும். தெப்பக்குளத்துத் தாட்சண்யமே கம்பி வழியாக நடக்கிறது.

2012-ஆம் வருஷம் ஜூலை 30, 31 தேதிகளில் அந்தத் தாட்சண்யம் எல்லை கடந்து அறுந்தது. பீனா-குவாலியர் என்ற 400 கிலோவோல்ட் கம்பிப்பாதை அளவுக்கு மிஞ்சிய பாரத்தால் துண்டிக்கப்பட்டது. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகப் பாதைகள் விழுந்தன. இரண்டாம் நாளில் வடக்கு, கிழக்கு, வடகிழக்குப் பகுதிகளில் அறுபது கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் மின்சாரமின்றித் தவித்தார்கள். தென்னிந்தியா தப்பியது. நாம் புத்திசாலிகள் என்பதனால் அல்ல. அன்று தென்பிராந்திய வலைப்பின்னல் மற்றவற்றோடு ஒரே லயத்தில் பிணைக்கப்படவில்லை என்பதனால். அடுத்த ஆண்டு, 2013 டிசம்பர் 31-ஆம் தேதி, ராய்ச்சூருக்கும் சோலாப்பூருக்கும் இடையே 765 கிலோவோல்ட் பாதை இணைந்தது. அன்று முதல் காஷ்மீரம் தொட்டுக் குமரி வரை ஒரே மின்லயம். அடையாற்றில் சுழலும் விசிறியும் அமிர்தசரஸில் சுழலும் விசிறியும் ஒரே துடிப்பில் உயிர் வாழ்கின்றன. ஒற்றுமையால் ஒருவர் பஞ்சத்தில் மற்றவர் உதவலாம். ஒருவர் விழுந்தால் மற்றவரும் தள்ளாடலாம். இரண்டும் சேர்ந்ததுதான் ஒற்றுமை.

எல்லா ஒத்திசைவும் நன்மை என்பதற்கில்லை. குப்பத்துக்கு மேற்கே சில மைல் தொலைவில் கிண்டியில் இருக்கும் சென்னை ஐ.ஐ.டி.யில், பேராசிரியர் ஆர்.ஐ. சுஜித்தும் அவருடைய குழுவினரும் எரிகலங்களை ஆராய்ந்து வருகிறார்கள். ராக்கெட்டிலும் வாயுச் சுழலியிலும் உள்ள எரிகலத்தில் சுவாலை ஒரு புறம் துடிக்கிறது. அடைபட்ட காற்றின் ஒலியலை மறு புறம் துடிக்கிறது. இரண்டும் தத்தம் போக்கில் இருக்கும் வரையில் க்ஷேமம். இரண்டும் ஒரே லயத்தைப் பிடித்துக்கொண்டால் அதிர்வு பேயாக வளர்ந்து எந்திரத்தையே உடைத்துவிடும். அந்த ஆபத்து இவ்விரண்டின் ஒத்திசைவே என்று 2017-ஆம் ஆண்டில் அவர்கள் விளக்கிக் காட்டினார்கள். காக்காய் வலிப்பு நோயிலும் மூளையின் அணுக்கள் அளவு மீறி ஒன்றாகத் துடிப்பதைக் காண்கிறோம். ஆகவே ஒற்றுமை எப்போது வரும் என்பதை மட்டும் அறிந்தால் போதாது. எப்படி வரும், எப்படிப் போகும் என்பதையும் அறிந்தாக வேண்டும்.

மூன்றாவது ஆள்

இப்போதுதான் நாம் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இதுவரை சொன்ன கணக்குகளில் எல்லாம் ஒரு ரகசிய நிபந்தனை ஒளிந்திருந்தது. ஒவ்வொருவரும் மற்றவரைத் தனித்தனியே பார்க்கிறார் என்பதே அது. முருகன் கந்தனைப் பார்த்துக் கொஞ்சம் மாறுகிறான். பிறகு வேலனைப் பார்த்துக் கொஞ்சம் மாறுகிறான். இரண்டையும் கூட்டிவிட்டால் கணக்கு முடிந்தது. மூவரும் ஒரே ஸ்வாமியின் பெயரைக் கொண்டவர்களாயிருந்தும், மூவருக்கும் பொதுவான காரியம் என்று இக்கணக்கில் ஒன்றுமே கிடையாது!

உலகம் இப்படியா நடக்கிறது? மீனவர் ஊர்களில் பஞ்சாயத்துக் கூடுவதைப் பாருங்கள். ஒருவரைத் தனியே கண்டு பேசினால் ஒரு பதில். மற்றவரைத் தனியே கண்டால் வேறொரு பதில். இருவரையும் ஒரே பாயில் உட்காரவைத்துக் கேட்டால் மூன்றாவதாக ஒரு பதில் பிறக்கிறது. அது முதல் இரண்டின் கூட்டுத்தொகை அன்று. கல்யாணப் பேச்சு நடத்திய ஒவ்வொரு குடும்பத்துக்கும் இது தெரிந்ததே. சம்பந்திகள் இருவர் பேசுவது ஒன்று. நடுவில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது பேசுவது வேறு. கச்சேரியிலும் அப்படியே. கஞ்சிராக்காரர் மிருதங்கத்துக்குக் கொடுக்கும் பதில், அந்தக் கணத்தில் பாடகர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதையும் பொறுத்தது.

இயற்கையிலும் இது உண்டு. மூளையில் இரண்டு நரம்பணுக்கள் செய்தி பரிமாறும் சந்திப்பில், ‘ஆஸ்ட்ரோசைட்’ எனப்படும் நட்சத்திர வடிவ அணு மூன்றாவது ஆளாக வந்து அமர்ந்து, அந்தப் பரிமாற்றத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது. அது மட்டுமல்ல. இருவர் பிணைப்பு மட்டுமே உள்ள ஊசல்களிலும், பிணைப்பு கொஞ்சம் வலுத்துவிட்டால், நுட்பமாகக் கணக்கிடும்போது மூவர் பிணைப்பு தானாகவே கணக்கில் முளைத்துவிடுகிறது.

எண்ணிக்கையைப் பார்த்தாலும் மூவரை அலட்சியம் செய்ய முடியாது. கயிறு இழுக்கும் இருபது பேரில் ஜோடிகள் 190. மூவர் குழுக்களோ 1,140. நூறு பேரானால் ஜோடிகள் 4,950. மூவர் குழுக்கள் 1,61,700. நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ‘சேர்வுகள்’ என்ற பாடத்தைப் படித்துவிட்டு, இதனால் என்ன பிரயோசனம் என்று கேட்கிறார்களே, அவர்களுக்கு இதுவே பதில்.

மூவர் விதியின் மூன்று விசித்திரங்கள்

மூவர் விதி என்றால் என்ன? பல வகை உண்டு, எளியதைச் சொல்லுகிறோம். முருகன் கந்தனையும் வேலனையும் ஒருங்கே பார்க்கிறான். அவ்விருவருக்கும் நடுவிலுள்ள இடம் எதுவோ அதை நோக்கித் தன் நடையைத் திருத்திக்கொள்கிறான். அந்த ‘நடு’ கந்தனிடத்திலும் இல்லை, வேலனிடத்திலும் இல்லை; இருவரும் சேர்ந்த இடத்தில்தான் இருக்கிறது. பெர் செபாஸ்டியன் ஸ்கார்டல், அலெக்ஸ் அரேனாஸ் என்ற இருவர் 2019-ஆம் ஆண்டில், இருவர் பிணைப்பை அடியோடு நீக்கிவிட்டு, மூவர் பிணைப்பு மட்டும் உள்ள பெருங்கூட்டத்தைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். கண்டது வியப்பானது.

முதல் விசித்திரம்: அந்தக் கூட்டத்தில் ஒற்றுமை தானாக ஒருபோதும் பிறப்பதில்லை. பிணைப்பை எவ்வளவு பலப்படுத்தினாலும் சிதறிய கூட்டம் சிதறியே கிடக்கிறது. ஆனால் எப்படியோ ஒரு முறை ஒற்றுமையை உண்டாக்கிவிட்டால் அது நிலைத்து நிற்கிறது. பிறகு பிணைப்பைச் சிறிது சிறிதாகத் தளர்த்திக்கொண்டே வந்தாலும் தாங்குகிறது, தாங்குகிறது, ஒரு கட்டத்தில் திடீரென்று, முன்னறிவிப்பின்றி, ஒரேயடியாக உடைந்து சிதறுகிறது. உடைந்த பிறகு பழைய பலத்தைத் திரும்பக் கொடுத்தாலும் பழைய ஒற்றுமை திரும்புவதில்லை.

காரணம் கடினமானதல்ல. ஜோடிப் பிணைப்பில், கூட்டம் ஒருவரை இழுக்கும் வலிமை ஒற்றுமை எண்ணைப் பொறுத்தது. மூவர் பிணைப்பிலோ, மற்ற இருவருமே ஒன்றுபட்டிருந்தால்தான் இழுப்பு உண்டு. ஆகையால் ஒற்றுமை எண்ணை அதே எண்ணால் பெருக்க வேண்டும். ஒற்றுமை எண் 0.1 என்றால் ஜோடியின் இழுப்பு பத்தில் ஒரு பங்கு. மூவர் இழுப்பு நூற்றில் ஒரு பங்கு. விதை முளைப்பதற்குள் காய்ந்துவிடுகிறது. ஆனால் ஒற்றுமை எண் 0.9 ஆனால் மூவர் இழுப்பு 0.81. ஏழைக்கு ஒன்றுமில்லை, உள்ளவனுக்கு எல்லாம் என்ற நீதி! அதனால்தான் உண்டாவதும் அரிது, உண்டானபின் அசைவதும் அரிது.

இரண்டாவது விசித்திரம்: ஒற்றுமை ஒன்றாயிராமல் பலவாய் விடுகிறது. வட்டப் பாதையில் இருவருக்கு நடு என்பது ஓர் இடமன்று. அருகிலே ஒரு நடு, குளத்துக்கு நேர் எதிர்க்கரையில் மற்றொரு நடு. இரண்டும் மூவர் விதிக்குச் சம்மதமே. ஆகவே கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்து, எதிரும் புதிருமாக, ஆனால் ஒரே லயத்தில் நடக்கலாம். எத்தனை பேர் இக்கரை, எத்தனை பேர் அக்கரை என்பது அவர்கள் எப்படித் தொடங்கினார்கள் என்பதைப் பொறுத்தது. கூட்டம் தன் பூர்வ சரித்திரத்தை மறப்பதில்லை. செய்தியைச் சேமித்து வைக்கும் நினைவாற்றலுக்கு இது ஒரு மாதிரியாகலாம் என்று அறிஞர்கள் சொல்லுகிறார்கள். இத்தகைய பல நிலைகளை ஜப்பானியர்களான தனாக்காவும் அயோயாகியும் 2011-லேயே சுட்டிக் காட்டியிருந்தார்கள்.

உண்மை உலகத்தில் ஜோடிப் பிணைப்பும் மூவர் பிணைப்பும் கலந்தே இருக்கும். அதையும் ஸ்கார்டலும் அரேனாஸும் 2020-ல் ஆராய்ந்தார்கள். அங்கே ஜோடிப் பிணைப்பு விதை போடுகிறது. கூட்டுப் பிணைப்பு அதை ஒரே தாவலில் மரமாக்குகிறது. குராமோட்டோவின் நிதானமான ஏற்றம் போய்விட்டது. படிக்கட்டு இருந்த இடத்தில் செங்குத்துச் சுவர். இன்னும் ஆச்சரியம்: ஜோடி ஜோடியாகப் பார்த்தால் ஒருவரையொருவர் தள்ளுகிறவர்களைக்கூட, கூட்டுப் பிணைப்பு போதிய பலத்தோடு இருந்தால், ஒற்றுமையில் நிறுத்தி வைக்க முடிகிறதாம். தனியே சந்தித்தால் முகம் திருப்பிக்கொள்ளும் பங்காளிகள் திருவிழாத் தேரில் ஒரே வடத்தைப் பிடித்து நிற்பது நமக்குப் புதிதா என்ன?

மூன்றாவது விசித்திரம் 2024-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில் வருகிறது. கூட்டுப் பிணைப்பு மிகும்போது ஒற்றுமையாகிய கிணறு ஆழமாகிறது. ஆனால் அதன் வாய் குறுகுகிறது. உள்ளே விழுந்த பந்து எளிதில் வெளியே வராது. ஆனால் வெளியே உருளும் பந்து கிணற்றைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். உறுதியும் சுலபமும் ஒரே சமயத்தில் கிடைப்பதில்லை என்பது இதன் தாத்பரியம்.

நம் நாட்டார் பங்கு

இந்தத் துறை நமக்கு வெளியூர்ச் சரக்கு என்று எண்ண வேண்டியதில்லை. திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். லட்சுமணன் பல பத்தாண்டுகளாக இத்தகைய நேரற்ற இயக்கங்களை ஆராய்ந்து, ஒரு பெரிய மாணவர் பரம்பரையையே உண்டாக்கியிருக்கிறார். 1989-ஆம் ஆண்டில் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு பெற்றவர் அவர். தஞ்சைச் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் வி.கே. சந்திரசேகர், திருவனந்தபுரத்து ஐசரில் டி.வி. செந்தில்குமார், இந்தூர் ஐ.ஐ.டி.யில் சரிகா ஜலான் ஆகியோர் ஒத்திசைவையும் கூட்டுப் பிணைப்பையும் பற்றி உலகம் கவனிக்கும் ஆராய்ச்சிகளை வெளியிட்டிருக்கிறார்கள். காவேரிக் கரையில் தாளக் கணக்குப் போட்டவர்களின் ஊரில் ஊசல்களின் தாளக் கணக்கும் நடப்பது பொருத்தம்தானே?

இக்கணக்குகளால் உடனே வலிப்பு நோய் தீர்ந்துவிடும், மின்சாரம் நிற்கவே நிற்காது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்று தெளிவு. படிப்படியாகத் தளரும் ஒற்றுமைக்கு வேண்டிய காவல் வேறு. கடைசி வரை அழகாக நின்று திடீரென்று உடையும் ஒற்றுமைக்கு வேண்டிய காவல் வேறு. எது எந்த வகை என்று அறியாமல் வைத்தியம் செய்ய முடியாது. “நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது?” என்ற நமது வழக்கமான புலம்பலுக்கு, மூவர் பிணைப்புள்ள உலகில், ஒரு மதிப்பும் இல்லை. உடைவதற்கு முதல் நாள் அது நன்றாகத்தான் இருக்கும்.

மனிதர்கள் ஊசல்கள் அல்லர். கணக்கை அப்படியே ஊர்களின்மீதும் குடும்பங்களின்மீதும் போட்டுப் பார்ப்பது விபரீதமாகும். ஆயினும் கணக்கு ஒரு கேள்வியை நமக்குக் கற்றுக் கொடுக்கிறது. ஓர் ஊரில் பலர் கூடிச் செய்யும் காரியம் ஒன்று மறையும்போது, நாம் வழக்கமாக என்ன சொல்லுகிறோம்? “போனால் போகட்டும்; இவனுக்கு அவனைத் தெரியும், அவனுக்கு இவனைத் தெரியும், ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டுதானே இருக்கிறார்கள்?” என்கிறோம். ஜோடிகள் அப்படியே இருக்கின்றன, உண்மைதான். ஆனால் கயிறும் பாயும் மேடையும் தந்த கூட்டுப் பிணைப்பு எங்கே? அது போன பிறகு, அதைத் தானாக வரும் என்று காத்திருக்கலாமா? தானாக முளைக்காத வகை ஒற்றுமை ஒன்று உலகத்தில் உண்டு என்று கணக்குச் சொல்லுகிறது. அதை யாராவது முனைந்து கூட்டத்தான் வேண்டும்.

இப்படிக் கூட்டும் முயற்சி ஒன்று இதே குப்பத்தில் நடந்திருக்கிறது. 2015-ஆம் ஆண்டில், பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் அவரைச் சேர்ந்தவர்களும் ஊராரும் சேர்ந்து ஊரூர் ஒல்காட் குப்பம் விழாவைத் தொடங்கினார்கள். சபா மண்டபங்களில் கேட்ட கர்நாடக ஸங்கீதம் கடற்கரை மணலில் ஒலித்தது. பெஸன்ட் நகரில் குடியிருப்பவர்களும் குப்பத்தில் குடியிருப்பவர்களும் முன்பும் ஒருவரையொருவர் அறியாதவர்கள் அல்லர். ஒருவர் மீன் விற்பார், ஒருவர் வாங்குவார். அது ஜோடி உறவு. ஒரே மணலில் உட்கார்ந்து ஒரே பாட்டைக் கேட்பது வேறு வகை உறவு. அதைப் பற்றிப் பலர் பல அபிப்பிராயம் கொண்டார்கள். ஆனால் இவ்வகை உறவு தானே முளைப்பதில்லை என்பதை அதைத் தொடங்கியவர்கள் உணர்ந்திருந்தார்கள் என்று சொல்லலாம்.

இறுதியாக, வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு. பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு வேகத்தில் கை தட்டத் தொடங்கட்டும். முதல் ஆட்டத்தில் ஒவ்வொருவரும் வலப்பக்கத்து ஒருவரை மட்டும் கேட்டு, அவரோடு சேர முயலட்டும். இரண்டாம் ஆட்டத்தில் விதி வேறு: இடப்பக்கத்தவரும் வலப்பக்கத்தவரும் சேர்ந்து ஒரே சமயத்தில் தட்டினால் மட்டும் அவர்களைப் பின்பற்ற வேண்டும், இல்லாவிட்டால் தன் போக்கிலேயே தட்ட வேண்டும். எந்த ஆட்டத்தில் தாளம் தொடங்குவது எளிது? தொடங்கிய பிறகு, நடுவில் ஒரு குறும்புக்காரனை விட்டால், எந்த ஆட்டத்தில் அதைக் கலைப்பது எளிது? விடையை நாம் சொல்லப்போவதில்லை. பிள்ளைகள் தட்டிப் பார்த்துச் சொல்லட்டும். இரண்டாம் ஆட்டத்தில் தாளம் வராமலே போனால், அவர்களில் யாராவது இருவர் முதலில் ஒன்றுபட வேண்டும் என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.